ஜெரி ஹாலிவெல்: விலகலுக்குப் பிந்தைய பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஐந்து பெண்களைக் கொண்ட பிரிட்டன் பாப் இசைக்குழுவான 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்'-இலிருந்து விலகிய பாடகி ஜெரி ஹாலிவெல் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மேலைநாட்டுப் பாப் இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதே பாராட்டுக்குரியது. ஆயினும், அவருடைய வாழ்க்கையைக் கட்டுரை அளந்த விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. குழுவில் அவர் இருந்த நான்கு ஆண்டுகளுக்கு முக்கால் பங்கு இடம் போயிருக்கிறது. விலகிய பிறகு அவர் பாடியதும் எழுதியதும் தோற்றதும் மீண்டதும் 'மெல்ல மெல்லப் புகழ் மங்கியது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. குழுவை விட்டுப் போன பெண்ணைப் பற்றி எழுதும்போது விலகிய நாளோடு கதையை முடித்துவிடும் இந்தப் பழக்கம் தங்கள் இதழுக்கு மட்டும் உரியதன்று. இருந்தாலும் தங்கள் இதழை நாள்தோறும் படிப்பவள் என்பதால் தங்களிடம் முறையிடுகிறேன்.

கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் கோரஸ் பாடியவள் நான். கூட்டமாகப் பாடுவது என்றால் என்ன, அதிலிருந்து ஒரு குரல் பிரிந்து வந்தால் என்ன நேரும் என்பதைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலகல். 1994-ல் 'தி ஸ்டேஜ்' என்ற நாடகத்துறை இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களிலிருந்து உருவான குழு அது. தங்களைச் சேர்த்துவைத்த முதல் நிர்வாகத்தை, ஒப்பந்தம் முடிவாகாத நிலையிலேயே, ஐவரும் விட்டு வெளியேறினார்கள். பிறகு அமர்த்திக்கொண்ட மேலாளர் சைமன் ஃபுல்லரை, 1997 நவம்பரில், உலகமே அவர்களைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், தாங்களே பணியிலிருந்து நீக்கினார்கள். இரண்டையும் பெண்களின் துணிச்சல் என்று எழுதியவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஐவரில் ஒருத்தி தனக்காக அதே முடிவை எடுத்தபோது மட்டும் அது துரோகம் ஆகிவிட்டது. தங்கள் கட்டுரையும் 'தோழியரைக் கைவிட்டார்' என்ற சொற்றொடரைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறது. கூட்டாக வெளியேறினால் வீரம், தனியாக வெளியேறினால் துரோகம் என்ற இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அவர் விலகிய முறையில் குறை இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஹெல்சின்கி மேடையில் பாடியவர், அடுத்து வந்த ஓஸ்லோ நிகழ்ச்சிகளுக்கு வரவில்லை. உடல்நலக் குறைவு என்று முதலில் சொல்லப்பட்டது. 1998 மே 31 அன்று அவருடைய வழக்கறிஞர் வழியாகத்தான் செய்தி வெளியானது. அமெரிக்கப் பயணம் ஜூன் நடுவில் தொடங்க வேண்டும். மிச்சம் இருந்தது இரண்டே வாரம். ஐந்து பேருக்காகப் பிரித்து எழுதப்பட்ட வரிகளை நால்வருக்குள் மறுபடி பங்கிட வேண்டும். நடன அசைவில் ஒருவர் நின்ற இடத்தை அடைக்க வேண்டும். யார் எங்கே மூச்செடுப்பது, யார் அப்போது வரியைத் தாங்குவது என்பதைக்கூட மாற்றி அமைக்க வேண்டும். மேடையில் பாடியவர்களுக்குத்தான் தெரியும், அந்த இரண்டு வாரம் அந்த நால்வருக்கும் எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்று. ஆனால் அவர்கள் அதைச் செய்து முடித்தார்கள். அமெரிக்கப் பயணம் நிறைவேறியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டும் நால்வருடையதே. 2000-ல் மூன்றாவது இசைத்தொகுப்பை வெளியிட்ட பின்னரே அவர்கள் அவரவர் வழியில் பிரிந்தார்கள். ஆகவே 'ஜெரி போனதும் குழு சிதறியது' என்று கட்டுரை சொல்வது, விலகியவருக்கு மட்டுமன்றி, இருந்து உழைத்த நால்வருக்கும் இழைக்கும் அநீதி.

இனி, குரல். ஐவரில் வலிமையான குரல் மெலனி சிஷமுடையது என்பதில் ஐயமில்லை. உச்சத்தில் தனியே பறக்கும் இடங்களெல்லாம் அவருக்கே போயின. ஜெரிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பேச்சும் பாட்டும் கலந்த வரிகள். குழுவின் முதல் பாட்டின் தொடக்கத்தில், ஐவரில் இன்னொருவரான மெலனி பிரவுனும் ஜெரியும் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாகக் குரல் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். அதை வைத்து 'பாடத் தெரியாதவர்' என்று கட்டுரை தீர்ப்பளிக்கிறது.

எங்கள் தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரே மைக்கைச் சுற்றி ஆறு பெண்கள் அரைவட்டமாக நிற்போம். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, மறு காதைத் திறந்து விட்டிருப்போம். பக்கத்தில் நிற்பவள் எந்த இடத்தில் சுருதியைத் தொடுகிறாள் என்று கேட்டால்தான் ஒட்டிப் பாட முடியும். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, குரல் எடுப்பாக இருப்பவளை ஓரடி பின்னால் போகச் சொல்வார். மெல்லிய குரல்காரியை முன்னே இழுப்பார். மூச்சு முட்டினால் நிறுத்திக்கொள்ளலாம், மற்ற ஐவர் வரியைக் கொண்டுபோய்விடுவார்கள். பல ஆண்டுகள் இப்படிப் பாடிப் பழகியவளைத் தனியாக மைக் முன்னே நிறுத்தி ஒரு பல்லவியைப் பாடச் சொன்னால், முதல் டேக்கில் அவளுக்கே அவள் குரல் அந்நியமாகக் கேட்கும். குறை குரலில் இருக்காது. தாங்கி நிற்க ஆள் இல்லாத பயம் அது. அந்தப் பயத்தோடு உலகத்தின் கண் முன்னால் பாட வந்தவர் ஜெரி. எனவே அவருடைய குரலின் தரத்தை மட்டும் எடைபோட்டுவிட்டு நகர்வது போதாது.

அப்படி வந்தவர் என்ன செய்தார்? விலகிய சில மாதங்களிலேயே ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் நல்லெண்ணத் தூதர் ஆனார். மோலி டினீன் என்ற ஆவணப்பட இயக்குநரைத் தன்னோடு இருந்து படம் பிடிக்க விட்டார். 1999-ல் அது பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் வந்தது. விலகிய சூட்டில், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தனிமையில் தவிக்கும் ஒரு பெண்ணை அது ஒளிவுமறைவின்றிக் காட்டியது. அதே ஆண்டு மே மாதம் அவருடைய முதல் தனிப்பாட்டு 'லுக் அட் மீ' வெளியானது. அதன் காணொளியில், குழுவில் தனக்கிருந்த 'ஜிஞ்சர்' என்ற வேடத்துக்கே அவர் ஈமச்சடங்கு நடத்தியிருந்தார். பாய்ஸோன் குழுவின் பாட்டிடம் மயிரிழையில் முதலிடத்தை இழந்து அது இரண்டாம் இடத்தில் நின்றது. அதற்குப் பின் வந்தவற்றில் நான்கு பாட்டுகள், 1999 முதல் 2001 வரையிலான காலத்தில், பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பெற்றன. இதைத்தான் கட்டுரை 'புகழ் மங்கியது' என்கிறதா?

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1999 நவம்பரில் ஜெரியின் பாட்டும், குழுவில் இருந்த எம்மா பன்டன் இன்னோர் இசைக்குழுவோடு சேர்ந்து பாடிய பாட்டும் ஒரே வாரத்தில் விற்பனைக்கு வந்தன. அங்குள்ள பத்திரிகைகள் அதை இரு பெண்களுக்கிடையிலான குடுமிப்பிடிச் சண்டையாகவே சித்திரித்தன. ஜெரி முதலிடம் பிடித்தார். இரு ஆண் பாடகர்களின் பாட்டுகள் ஒரே வெள்ளிக்கிழமை வெளியானால் நம் ஊரில் அதற்குப் போட்டி என்று பெயர். பெண்கள் என்றால் பொறாமை என்று பெயர். தங்கள் கட்டுரையிலும் 'பழைய தோழியைப் பழிவாங்கினார்' என்று இருக்கிறது. இரண்டு பதிவு நிறுவனங்களின் வெளியீட்டு அட்டவணை மோதிக்கொண்டதற்கு இவ்வளவு பெரிய சொல் தேவையா?

சரிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் தொகுப்பு பிரிட்டனில் நான்காம் இடத்தையும் இரண்டாவது ஐந்தாம் இடத்தையும் தொட்டன. 2005-ல் வந்த மூன்றாவது 41-ஆம் இடத்திலேயே நின்றுவிட்டது. என் காதுக்கு அந்த மூன்றாவது தொகுப்பு ஒட்டவில்லை. அவருடைய வலிமை, கேட்பவரை எழுந்து ஆடவைக்கும் உரத்த உற்சாகத்தில் இருந்தது. 2001-ல் ஒரு திரைப்படத்துக்காக அவர் மீண்டும் பாடிய பழைய நடனப் பாட்டில் அது நன்றாகப் பொருந்தி வந்தது. அடக்கி வாசிக்க வேண்டிய மெட்டுகளில் பொருந்தவில்லை. இதைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் மனமார ஒப்புக்கொண்டிருப்பேன். பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லும் விமர்சனத்துக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

ஆனால் கட்டுரையாளர் பாட்டை விட்டுவிட்டு உடலைப் பார்த்தார். இரண்டு படங்களை அருகருகே வைத்து, எந்த ஆண்டு எப்படிப் பருத்திருந்தார், எந்த ஆண்டு எப்படி மெலிந்தார் என்று அடிக்குறிப்பு போட்டிருந்தீர்கள். உணவை வரம்பின்றி உண்பதும் பின்பு வலிந்து வெளியேற்றுவதுமான புலிமியா நோயோடு தாம் போராடியதை 1999-ல் வெளியிட்ட தன்வரலாற்றிலேயே ஜெரி எழுதிவிட்டார். அந்த நோயை அறிந்த பிறகும் அந்தப் படங்களை அப்படி அச்சிடுவது முறையா? இருபது ஆண்டுகள் கழித்து 'லிட்டில் மிக்ஸ்' குழுவின் ஜெஸி நெல்சனுக்கும் இதுவே நடந்தது. 2011-ல் தொலைக்காட்சிப் போட்டியில் வென்று வந்த குழு அது. வென்ற நாளிலிருந்தே தன் தோற்றத்தைக் குறித்து வந்த ஏளனங்களைப் பற்றி 2019-ல் பி.பி.சி. ஆவணப்படத்தில் அவர் வெளிப்படையாகப் பேசினார். 2020 டிசம்பரில், மனநலத்தைக் காரணம் காட்டி விலகினார். அவருடைய தனிப் பயணம் தடுமாற்றத்தோடுதான் தொடங்கியது. 2021-ல் வந்த முதல் பாட்டின் காணொளி, கறுப்பின அடையாளத்தைக் கடன் வாங்கியதாகக் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அதற்காக, அவர் விலகியதே தவறு என்று முடிவு கட்ட முடியாது. உடல்நலம் கெட்டு ஒருவர் வேலையை விட்டால், அடுத்த வேலையில் அவர் சறுக்கினார் என்பது முதல் வேலையில் அவர் கிடந்து துன்பப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு வாதம் ஆகாது.

இன்று சென்னையில் பள்ளிச் சிறுமிகளைக் கேட்டால் ஸ்பைஸ் கேர்ள்ஸைவிடக் கொரியக் குழுக்களின் பெயர்களையே மூச்சுவிடாமல் சொல்வார்கள். மின்ரயிலில் எதிர் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளின் பையில் தொங்கும் படங்களைப் பார்த்தாலே தெரியும். அவர்களுக்காகவாவது 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழுவின் ஜெசிகா பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம். 2007-ல் அறிமுகமான குழுவில் ஏழாண்டு பாடியவர். 2014 செப்டம்பர் 30 அன்று, இனித் தாம் அந்தக் குழுவில் இல்லை என்று தமக்குத் தெரிவிக்கப்பட்டதாக அவரே சமூக ஊடகத்தில் எழுதினார். அவராகவே விலக விரும்பினார் என்றது நிறுவனம். விலகலா, விலக்கலா என்பதே இன்றுவரை இரு தரப்புக்கும் ஒத்துப்போகாத விஷயம். அந்த நேரத்தில் அவர் தொடங்கியிருந்த ஆடை வணிகம்தான் உரசலின் நடுவில் இருந்தது. பிறகு 2016-ல் தனிப் பாடல் தொகுப்பு வெளியிட்டார், 2020-ல் நாவல் எழுதினார், 2022-ல் சீனத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் இரண்டாம் இடம் பெற்று, அதன் வழியாக மறுபடியும் ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தார். முப்பது வயதைக் கடந்த பிறகு! கொரியாவில் 2009-ல் அரசின் வணிக ஆணையம் வகுத்த மாதிரி ஒப்பந்தம், கலைஞரைக் கட்டிவைக்கும் காலத்தை ஏழு ஆண்டுகளாக வரையறுத்தது என்பதையும், அதனால்தான் பல குழுக்கள் ஏழாம் ஆண்டில் ஆட்டம் காண்கின்றன என்பதையும் சொன்னால், 'சண்டை போட்டுப் பிரிந்தார்கள்' என்ற பேச்சில் பாதி அடங்கிவிடும்.

நம் நாட்டுக் கதை ஒன்றையும் கட்டுரை மறந்துவிட்டது. 2002-ல் சேனல் வி இசைத் தொலைக்காட்சி நடத்திய போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பெண்களைக் கொண்டு 'விவா' என்ற குழு உருவானது. கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் அன்றைய கல்லூரிப் பெண்கள் அதை விடாமல் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே குழு கலைந்தது. அதில் இருந்த நேகா பசின் என்ன ஆனார் என்று கேட்டால், தமிழ் வாசகருக்கு விடை வெகு அருகில் இருக்கிறது: 2007-ல் வந்த 'சத்தம் போடாதே' படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் 'பேசுகிறேன் பேசுகிறேன்' பாடியவர் அவரே. நா. முத்துக்குமாரின் வரிகளை அந்தப் பெண் எப்படி உச்சரித்திருக்கிறார் என்று மறுபடி கேட்டுப் பாருங்கள். தமிழ் தெரியாதவர், ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டு பாடியிருப்பார், ஆனாலும் ஆறுதல் சொல்லும் தொனி எங்கும் தவறவில்லை. இந்திப் படப் பாட்டுக்காக 2017-ல் ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். பஞ்சாபி நாட்டுப்புறப் பாடல்களைத் தாமே பதிவுசெய்து வெளியிட்டார். அதே குழுவின் அனுஷ்கா மன்சந்தாவும் தமிழில் பாடினார். பின்னர் வேறு பெயரில் மின்னணு இசை பக்கம் போனார். பின்னணிப் பாடல் என்ற வாசல் நம் நாட்டில் இருப்பதால், குழு கலைந்த பெண்ணுக்கு இங்கே ஒதுங்க ஓர் இடம் கிடைத்தது. அந்த வாசல் இல்லாத இங்கிலாந்தில், தனித் தொகுப்பு தோற்றால் அடுத்து நிற்க இடம் வேறு தேட வேண்டும். ஜெரி குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களின் பக்கம் போனதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், கட்டுரையாளர் அதைக் கேலி செய்திருக்க மாட்டார். 2006-ல் மகளைப் பெற்று, தனியாளாக வளர்த்துக்கொண்டே, 2008-ல் வரிசையாக ஆறு சிறுவர் புத்தகங்களை வெளியிட்டார். 2023-ல் இளம் வாசகர்களுக்கான நாவல் ஒன்றையும் எழுதினார்.

கடைசியாக, அந்த மன்னிப்பு. 2019 ஜூனில், வெம்பிளி அரங்கில், மறுகூடல் பயணத்தின் இறுதி நாளில், குழுவை விட்டுப் போனதற்காக ஜெரி மேடையிலேயே வருத்தம் தெரிவித்தார். 'தவறை ஒப்புக்கொண்டார்' என்று கட்டுரை இதை முத்தாய்ப்பாக வைத்திருக்கிறது. பயணத்தின் நடுவில், டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கும் உடன் பாடியவர்களுக்கும் முன்னறிவிப்பின்றிப் போனதற்கு மன்னிப்புக் கேட்பது சரியே, கேட்கத்தான் வேண்டும். தனியாகப் பாடியதற்கும் தனியாக வாழ்ந்ததற்கும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அதுவுமன்றி, அந்த மேடைக்கு முன்பே 2007-ல் ஐவரும் ஒன்றுகூடி உலகப் பயணம் போயிருந்தார்கள். இலண்டன் ஓ2 அரங்கில் மட்டும் 17 நிகழ்ச்சிகள். 2012 ஒலிம்பிக் நிறைவு விழாவில் இலண்டன் வாடகைக் கார்களின் மேல் நின்று ஐவரும் சேர்ந்து பாடினார்கள். மனம் முறிந்தவர்கள் இத்தனை முறை ஒரே மேடையில் ஏற மாட்டார்கள். இந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

திருத்தம் வெளியிடும் வழக்கம் தங்கள் இதழில் உண்டு என்பதால் இரண்டைக் குறிப்பிடுகிறேன். ஜெரி விலகிய ஆண்டு 1999 என்று அச்சாகியிருக்கிறது, அது 1998. 1997 பிரிட் விருது விழாவில் அவர் அணிந்த, பிரிட்டன் கொடி தைத்த ஆடையை 'விற்றுக் காசாக்கினார்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1998-ல் சாதபீஸ் ஏலத்தில் அந்த ஆடைக்குக் கிடைத்த 41,320 பவுண்டு, புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உதவும் அறக்கட்டளைக்குப் போனது. அடுத்த ஞாயிறு இணைப்பில் இவ்விரண்டையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
முன்னாள் கோரஸ் பாடகி,
சாலிகிராமம், சென்னை – 93